பாய்மரத்தின் தாங்கு கம்பிகளைத் தளர்த்தலும் மீண்டும் இறுக்கலும்

படகின் உட்புறத்தில் மரவேலை செய்ய முற்படுவோர், மேலே நிற்கும் பாய்மரத்தைப் பற்றிப் பெரும்பாலும் நினைப்பதில்லை. உள்ளே இற்றுப்போன உத்திரம் ஒன்றை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது தச்சன் வேலையென்றும், மேலே உள்ள கம்பிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லையென்றும் அவர்கள் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது, அபாயகரமானதுங்கூட. பாய்மரமும், அதைத் தாங்கும் கம்பிகளும், மேல்தளமும், அதன் கீழுள்ள உத்திரமும், படகின் அடிமரமாகிய ஏராவும் ஒரே பாரத்தைப் பங்கிட்டுச் சுமப்பவை. அவற்றுள் ஒன்று தன் பங்கை விட்டால், அப்பங்கு மற்றொன்றின் தலையில் விழும். ஆகையால் உள்வேலை தொடங்குமுன் கம்பிகளை முறைப்படி தளர்த்துவதும், வேலை முடிந்தபின் முறைப்படி இறுக்குவதும் இன்றியமையாதன.

தமிழ்நாட்டுக் கரையோரத்துக் கட்டுமரத்திலும் சிறு வள்ளத்திலும் இத்தொல்லை இல்லை. அவற்றின் பாய்மரத்தை இரண்டு மூன்று ஆட்கள் சேர்ந்து கையாலேயே தூக்கிக் கீழே கிடத்திவிடலாம். இங்கே விவரிக்கப்படுவது, உட்புறத்தில் அறைகளும், மேல்தளத்தில் உயரமான உலோகப் பாய்மரமும், அதைச் சுற்றிலும் எஃகுக் கம்பிகளும் உள்ள சலூப் வகைப் படகாகும். எனினும் பாரம் எவ்வாறு இடம் மாறுகிறது என்னும் தத்துவம் எல்லாப் படகுக்கும் பொருந்தும்.

1. பாரம் எங்கே செல்கிறது?

சலூப்பின் பாய்மரத்தை முன்புறம் ஒரு கம்பியும், பின்புறம் ஒரு கம்பியும் பிடித்துக்கொள்கின்றன. பக்கவாட்டில், மரத்தின் தலையிலிருந்து குறுக்குக் கைகளின் வழியே இறங்கும் மேற்பக்கக் கம்பி இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக உண்டு. மரத்தின் நடுவிலிருந்து இறங்கும் கீழ்ப்பக்கக் கம்பிகள் பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டு இருக்கும். ஆக மொத்தம் எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் டர்ன்பக்கிள் என்னும் இரட்டைத் திருகு உண்டு. அதன் உடலைத் திருப்பினால் மேலும் கீழுமுள்ள இரண்டு திருகுகளும் ஒருங்கே உள்ளே செல்லும், அல்லது வெளியே வரும். டர்ன்பக்கிளின் கீழ்முனை, படகின் உடலோடு பிணைக்கப்பட்ட பற்றுப் பட்டையில் மாட்டப்பட்டிருக்கும்.

காற்றில்லாத நாளிலும் இக்கம்பிகள் சும்மா இருப்பதில்லை. 19 இழைகளை முறுக்கிச் செய்த 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அறுபடும் பாரம் சுமார் 2,800 கிலோ. மேற்பக்கக் கம்பிகளை அதில் 15 முதல் 20 சதவீதம் வரை இறுக்கி வைப்பது வழக்கம். 15 சதவீதம் என்று கொண்டாலும் கம்பி ஒன்றுக்கு 420 கிலோ. இரண்டுக்கும் 840 கிலோ. மற்ற ஆறு கம்பிகளையும் சேர்த்தால் மொத்தம் 2,000 கிலோவைத் தாண்டும். கம்பிகள் அனைத்தும் கீழ்நோக்கி இழுப்பதால் இப்பாரம் முழுவதும் மரத்தின் அடியில் வந்து சேருகிறது. 75 கிலோ நெல் மூட்டைகள் 27ஐ உள்ளங்கை இரண்டு அளவேயுள்ள ஓர் இடத்தில் அடுக்கிவைத்ததற்கு இது சமம். பாய் விரித்து ஓடும்போது பாரம் இன்னும் பெருகும்.

மரம் மேல்தளத்தின்மேல் நிற்கும் படகுகளில், இப்பாரத்தைத் தளம் தனியே தாங்காது. தளத்தின் கீழே தூண் ஒன்றோ, உத்திரம் ஒன்றோ, குறுக்குத் தடுப்பு ஒன்றோ இருந்து அதை ஏராவுக்குக் கொண்டுசேர்க்கும். இந்தத் தூணையோ உத்திரத்தையோதான் உட்புறப் பழுது தொடுகிறது.

2. ஆல்பெர்க் 30 படகின் அனுபவம்

இதற்கு நல்ல உதாரணம் கனடா நாட்டில் கட்டப்பட்ட ஆல்பெர்க் 30 என்னும் படகு. கார்ல் ஆல்பெர்க் என்பவர் வரைந்த இப்படகை ஒன்டாரியோ மாகாணத்தில் விட்பி படகுத் தொழிற்சாலை 1962 முதல் சுமார் 25 ஆண்டுகள் கட்டிவந்தது. 700க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. நீளம் சுமார் 30 அடி. எடை சுமார் 4,000 கிலோ. உடல் கண்ணாடி இழையால் ஆனது. உறுதியில் பெயர்பெற்ற இப்படகுக்கு ஒரு குறை உண்டு. நடு அறையிலிருந்து முன்னறைக்குச் செல்லும் வழி பாய்மரத்துக்கு நேர் கீழே அமைந்திருப்பதால், அங்கே தூண் நாட்ட இடமில்லை. அதற்குப் பதிலாக மரத் துண்டங்களை ஒட்டிச் செய்த குறுக்கு உத்திரம் ஒன்றை வழியின் மேலே அமைத்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலிருந்து கசியும் நீராலும் ஓயாத பாரத்தாலும் அநேகம் படகுகளில் இவ்வுத்திரம் வெடித்தது அல்லது தொய்ந்தது.

உத்திரம் தொய்ந்தால் நிகழ்வது யாது? மரம் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும், கம்பிகள் தளரும். படகுக்காரர் கம்பி தளர்ந்ததைக் கண்டு, காரணத்தை விசாரியாமல் டர்ன்பக்கிளை இறுக்குவார். இறுக்க இறுக்க மரம் மேலும் கீழே அழுந்தும். உத்திரம் மேலும் தொய்யும். கம்பி மீண்டும் தளரும். வட்டி கட்டுவதற்காகப் புதுக்கடன் வாங்குபவனுடைய நிலை இது. கடைசியில் டர்ன்பக்கிளில் இறுக்குவதற்கு மரையே மிஞ்சாது.

இக்குறையைத் தொடக்கத்திலேயே காட்டும் அடையாளங்கள் சில உண்டு. அறைக் கதவு முன்போலன்றி மேலே உராய்தல்; மரத்தின் அடியைச் சுற்றித் தளத்தில் மயிரிழை வெடிப்புகள் காணல்; நேரான சட்டத்தைத் தளத்தின் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் குழி தெரிதல்; ஆண்டுக்கு ஆண்டு கம்பிகளை இறுக்க வேண்டியிருத்தல். இவற்றுள் எதைக் கண்டாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே விளக்குடன் சென்று உத்திரத்தைப் பார்ப்பதே தக்கது.

3. மரத்தை இறக்குவதா, தளர்த்துவதா?

முதலில் இதனை முடிவு செய்யவேண்டும். உத்திரத்தையோ குறுக்குத் தடுப்பையோ முற்றிலும் அகற்றுவதானாலும், கம்பிகளைப் பற்றும் பட்டைகளையே கழற்றுவதானாலும், கிரேன் வைத்துப் பாய்மரத்தை இறக்கிவிடுவதே சரியான வழி. கிரேன் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் மரத்தையும் ஆளையும் இழப்பது சிக்கனமன்று. கிரேன் வேலை செய்யுமிடத்தில் மின்கம்பிகள் உண்டா என்பதை முன்னரே பார்த்துவைக்கவேண்டும்.

உத்திரம் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சற்று உயர்த்தி உலோகப் பட்டையாலோ புது மரத்தாலோ வலுப்படுத்துவது மட்டுமே வேலையானால், மரத்தை நிறுத்தியபடியே கம்பிகளைத் தளர்த்தினால் போதும். பின்வருவன இந்த இரண்டாம் வகைக்கு உரியவை. மரம் தளத்தைத் துளைத்து இறங்கி ஏராவின்மேல் நிற்கும் படகுகளில் பாரம் வேறு வழியாகச் செல்லுகிறது. அவற்றுக்கு இம்முறையை அப்படியே கைக்கொள்ளலாகாது.

4. முன்னேற்பாடுகள்

காற்று குறைந்த நாளையும், அலையில்லாத ஒதுக்கிடத்தையும் தேர்ந்துகொள்க. பாய்களை இறக்கி, பெரும் பாயின் கீழ்க்கட்டையையும் கழற்றிவிட்டால் மேற்பாரம் குறையும்.

அடுத்தது, குறிப்புப் புத்தகம். இதனை அற்பமென்று எண்ணுவோரே பின்னர் வருந்துவோர். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதன் பெயர், டர்ன்பக்கிளுக்கு வெளியே தெரியும் மேல் மரையின் நீளம், கீழ் மரையின் நீளம், இழுவிசை அளக்கும் கருவி இருந்தால் அது காட்டும் அளவு ஆகியவற்றை எழுதவேண்டும். தளத்தின் குழி எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மரம் நேராக நிற்கிறதா என்பதை அறிய, பாயேற்றும் கயிற்றின் நுனியில் எஃகு அளவுநாடாவைக் கட்டி மேலே ஏற்றி, இடப்பக்கத்துப் பற்றுப் பட்டைக்கும் வலப்பக்கத்துப் பட்டைக்கும் உள்ள தூரத்தை அளந்து குறிக்கவேண்டும்.

பிறகு தற்காலிகத் தாங்குதல். பாயேற்றும் கயிறுகளின் ஒரு முனை மரத்தின் தலை வழியே செல்வதால், அவற்றைக் காவற் கயிறுகளாகக் கொள்ளலாம். ஒன்றை அணியத்தில் உறுதியான இடத்திலும், மற்றொன்றைப் பின்புறத்திலும், மேலும் இருந்தால் இரு பக்கங்களிலும் கட்டுக. இவை அபாயக் காலத்துக்கு உரியவையேயன்றி, எஃகுக் கம்பிக்கு ஈடாகமாட்டா. கயிறு நீளும் தன்மையுடையது. ஆகையால் இவற்றை நம்பி எந்தக் கம்பியையும் முற்றிலும் கழற்றிவிடலாகாது.

5. தளர்த்தும் முறை

டர்ன்பக்கிளின் மரைகள் தாமாகச் சுழலாதபடி காட்டர் பின்கள் செருகப்பட்டிருக்கும். அவற்றை எடுத்தபின் மரையில் எண்ணெய் அல்லது கிரீஸ் இட்டுச் சிறிது நேரம் விடவேண்டும். துருப்பிடிக்காத எஃகு மரைகளை எண்ணெயின்றிப் பாரத்துடன் திருப்பினால், அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு அசையாமற் போய்விடும். பின்னர் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். டர்ன்பக்கிளின் உடலைத் திருப்பும்போது கம்பியின் முனையை மற்றொரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொள்க. இல்லாவிட்டால் கம்பியின் முறுக்குப் பிரியும்.

தளர்த்துவதில் விதி ஒன்றே: சிறிது சிறிதாக, எதிரெதிராக. முதலில் பின்கம்பியை ஓரிரு சுற்றுத் தளர்த்துக. பின்னர் இடக் கீழ்க்கம்பியில் ஒரு சுற்று, வலக் கீழ்க்கம்பியில் ஒரு சுற்று. இட மேற்கம்பியில் ஒரு சுற்று, வல மேற்கம்பியில் ஒரு சுற்று. இவ்வாறு சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் தளர்த்திவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாயும் அல்லது வளையும். அங்குலத்திற்கு 20 மரையுள்ள அரையங்குலத் திருகில், உடலை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் இரு முனையும் சேர்ந்து சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளும். 10 மீட்டர் நீளமுள்ள 6 மில்லிமீட்டர் கம்பியில் இது ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையாகும். ஒரு சுற்று என்பது சிறு விஷயமன்று. ஒவ்வொரு சுற்றும் புத்தகத்தில் ஏறவேண்டும்.

கம்பியைக் கையால் அசைத்தால் எளிதில் ஆடும் அளவு வந்ததும் நிறுத்திவிடுக. டர்ன்பக்கிளின் திறந்த உடலுக்குள் இரு மரைகளின் நுனிகளும் நன்றாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பிடிப்புப் போதாதென்று அறிக. தளர்த்திய நிலையிலும் காட்டர் பின்னையோ கட்டுக்கம்பியையோ செருகிவைத்தல் அவசியம். பக்கத்தில் ஒரு படகு கடந்துபோகும் அலையிலேயே தளர்ந்த டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று கழன்றுவிடக்கூடும்.

கம்பிகள் தளர்ந்திருக்கும் காலத்தில் எக்காரணத்தாலும் ஒருவரும் மரத்தின்மேல் ஏறலாகாது.

6. தளத்தை உயர்த்தும்போது உள்ள கண்ணி

இப்பொழுது உள்வேலை. ஏராவின்மேல் பாரத்தைப் பரப்பும்படி கனத்த பலகை ஒன்றை இட்டு, அதன்மேல் ஜாக்கியும், ஜாக்கியின்மேல் கட்டைத் தூணும் வைத்து, உத்திரத்தின் கீழே மற்றொரு பலகையைக் கொடுக்கவேண்டும். படகின் அடித்தோலின்மேல் ஜாக்கியை நேராக வைத்தால் தோல் உடையும். தூண் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக் குண்டால் பார்க்கவேண்டும்.

இங்கேதான் அனுபவமில்லாதவர் அகப்பட்டுக்கொள்கின்றனர். தளம் உயர்ந்தால் மரமும் உயரும். மரம் உயர்ந்தால் தளர்த்திய கம்பிகள் மீண்டும் இறுகும். கம்பிகள் ஏற்கனவே விறைப்பாக இருந்து, படகின் உடலும் வளையாது என்று கொள்வோம். அப்போது தளத்தை 5 மில்லிமீட்டர் உயர்த்தினால் 10 மீட்டர்க் கம்பி ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 140 கிலோ கூடும். பாதி நீளமுள்ள கீழ்ப்பக்கக் கம்பி ஒவ்வொன்றிலும் அதைப்போல் இரு மடங்கு கூடும். எட்டுக் கம்பிகளையும் கூட்டிப் பார்த்தால், ஜாக்கி தளத்தைத் தூக்குவதாக நினைத்து ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட இழுவிசையோடு மல்லுக்கு நிற்பது விளங்கும். தூண் நழுவுவதும், உத்திரம் சட்டென்று பிளப்பதும் இதனாலேயே.

ஆகவே இரண்டு ஆட்கள் தேவை: ஒருவர் கீழே ஜாக்கியின் அருகில், மற்றவர் மேலே கம்பிகளின் அருகில். ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தியதும் நிறுத்துக. மேலுள்ளவர் எட்டுக் கம்பிகளையும் காவற் கயிறுகளையும் கையால் அசைத்துப் பார்த்து, இறுகியவற்றைத் தளர்த்திக் கணக்கில் எழுதியபின்னரே மீண்டும் உயர்த்துக. பல ஆண்டு தொய்ந்த தளத்தை ஒரே நாளில் நிமிர்த்த முயலாமல், இரண்டு மூன்று நாட்களில் நிமிர்த்துவது உத்தமம். ஜாக்கியை மட்டும் நம்பி உத்திரத்தின் கீழே கையையோ தலையையோ நீட்டலாகாது. பக்கத்தில் சம உயரமுள்ள கட்டைத் தூண் ஒன்றும் நிற்கவேண்டும்.

குழி மறைந்து தளம் பழைய வளைவைப் பெற்றபின், ஈரமான மரத்தை நீக்கி, உலர்ந்த மரத்தையோ உலோகத்தையோ வைத்து எப்பாக்சி பசையால் ஒட்டி, ஆணி முடுக்கலாம். தளத்தை உயர்த்தாமல் தொய்ந்த நிலையிலேயே புது உத்திரத்தைப் பொருத்தினால், குறை நிரந்தரமாகிவிடும். பசை முழுதும் இறுகும்வரை தூணை எடுக்கவேண்டாம். குளிர்காலத்தில் இதற்கு அதிக நாள் பிடிக்கும்.

கம்பிகள் தளர்ந்திருக்கும் இச்சமயத்திலேயே பற்றுப் பட்டைகள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களையும் பார்த்துவிடுக. துருப்பிடிக்காத எஃகும், காற்றுப்படாமல் ஈரம் தங்கும் இடுக்கில் அரிக்கப்படும். மேலே பளபளக்கும் பட்டை உள்ளே பாதியாக இருத்தல் உண்டு. கம்பிகள் 10 முதல் 15 ஆண்டு உழைத்தவையானால், அவற்றை மாற்றுவது பற்றியும் யோசிப்பது நலம்.

7. மீண்டும் இறுக்கும் முறை

முதலில் ஜாக்கியை மெதுவாக இறக்கி, தூணை எடுத்து, தளத்தில் சட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். பின்னர் கம்பிகள் எல்லாவற்றையும் கையால் மட்டும், ஸ்பானரின்றி, இறுகும் அளவுக்குத் திருப்புக. பாயேற்றும் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி இரு பக்கத் தூரமும் சமமாகும்வரை மேற்பக்கக் கம்பிகளைச் சரிசெய்க. முன்கம்பி, பின்கம்பிகளால் மரத்தின் சாய்வைப் பழைய குறிப்பின்படி அமைக்க.

இதன்பின் ஸ்பானர். தளர்த்தியதைப்போலவே இடத்துக்கு ஒரு சுற்று, வலத்துக்கு ஒரு சுற்று. கருவியில்லாதவர்கள் இழுவிசையை அளக்க எளிய வழியுண்டு. 2 மீட்டர் நீளமுள்ள சட்டம் ஒன்றின் மேல்முனையைக் கம்பியோடு ஒட்டி, கை இறுக்க நிலையில் சட்டத்தின் கீழ்முனைக்கு நேரே கம்பியில் குறியிடுக. கம்பி இறுக இறுக நீண்டு, குறி கீழே நகரும். மேலே சொன்ன 19 இழைக் கம்பியில் குறி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அறுபடும் பாரத்தில் 5 சதவீதம் ஏறியதாகக் கணக்கு. இது கம்பியின் பருமன் எதுவாயினும் பொருந்தும். ஆகவே 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் 15 சதவீதம். 4 மில்லிமீட்டருக்கு 20. படகு கட்டியவரோ மரம் செய்தவரோ வேறு அளவு கொடுத்திருந்தால், அதையே கைக்கொள்ளவேண்டும்.

முதல் நாளில் பாதியளவே ஏற்றி, இரவு விட்டு, மறுநாள் தளத்தின் மட்டத்தைச் சோதித்தபின் மீதியை ஏற்றுவது புத்திசாலித்தனம். மேற்பக்கக் கம்பிகளுக்குப்பின் கீழ்ப்பக்கக் கம்பிகளைச் சற்றுக் குறைவாக இறுக்குக. மரத்தின் அடியில் கண்ணை வைத்து மேலே நோக்கினால், பாய் ஓடும் பள்ளம் நூல் பிடித்தாற்போல் நேராகத் தெரியவேண்டும். இறுதியில் பின்கம்பி.

பின்னர் மிதமான காற்றில் ஓட்டிப் பார்க்கவேண்டும். படகு 20 பாகை வரை சாய்ந்தோடும்போது, காற்றுக்கு மறைவான பக்கத்துக் கம்பி தொங்கி ஆடினால் இறுக்கம் போதாது. அந்தத் தளர்ந்த கம்பியை ஒரு சுற்று இறுக்கி, படகைத் திருப்பி, மறுபக்கத்தையும் அதே அளவு இறுக்குக. பாரம் ஏறிய பக்கத்தைத் திருப்ப முயலலாகாது. முடிந்ததும் காட்டர் பின்களைச் செருகிக் கால்களைச் சற்றே விரித்து, பாயைக் கிழிக்காதபடி நாடா சுற்றிவிடுக.

8. கணக்கைச் சரிபார்த்தல்

வேலை நன்றாக நடந்ததா என்பதைச் சொல்லுவது குறிப்புப் புத்தகமே. தளம் உண்மையாகவே உயர்ந்திருந்தால், பழைய இழுவிசையை அடைய முன்னைவிடக் குறைவான மரையே உள்ளே செல்லும். டர்ன்பக்கிளின் வெளியே தெரியும் மரை நீண்டிருக்கும். முன்னிருந்த அளவுக்கே அல்லது அதற்கு மேலும் இறுக்கவேண்டி வந்தால், உத்திரம் உயரவில்லை, அல்லது தூணை எடுத்ததும் மீண்டும் அமிழ்ந்தது என்று பொருள். ஒரு மாதத்துக்குப்பின்னும், பருவத்தின் முடிவிலும் அதே அளவுகளை எடுத்து அதே வரியில் எழுதிவந்தால், குறை கண்ணுக்குத் தெரியுமுன் கணக்கில் தெரியும்.

ஆல்பெர்க் 30 படகுக்காரர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் தமக்குள் சங்கங்கள் அமைத்துக்கொண்டு, உத்திரத்தைச் செப்பனிட்ட முறைகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துவந்தனர். ஒருவர் கண்ட வெடிப்பு மற்றவர் தம் படகில் விளக்குப் பிடித்துப் பார்க்கக் காரணமாயிற்று. கரையோரச் சங்கங்களிலும் ஓர் இழுவிசைக் கருவி, ஒரு நல்ல ஜாக்கி, படகுக்கு ஒரு குறிப்புப் புத்தகம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்வது பெருஞ்செலவன்று. புத்தகம் இல்லாத படகில் இவ்வேலையைத் தொடங்குவோர், முதற்காரியமாக எட்டுக் கம்பிகளின் பெயரையும் எட்டு வரிகளில் எழுதிக்கொண்டு, அதன்பின் ஸ்பானரை எடுப்பார்களாக.